சரியாச் சொல்லு தம்பி

மகவேற்பு, அதாவது தத்தெடுப்பு, என்ற சொல்லை நான் முதன்முதலில் பார்த்தது இந்த வேலைக்கு வந்த பிறகுதான். பதிவாளர் நாயகம் திணைக்களம் தரும் சான்றிதழில் அப்படித்தான் இருக்கும். நான் வளர்ந்த தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. "எடுத்து வளத்த புள்ள" என்பார்கள். பெற்றவள் பக்கம் நின்று பேசினால் "வளக்கக் குடுத்த புள்ள". கோபத்தில் பேசினால் "போட்டுட்டுப் போன புள்ள". ஒரே பிள்ளைக்கு மூன்று பேச்சு. எதைச் சொல்கிறோம் என்பதிலேயே பழி யார் தலையில் விழும் என்பதும் வந்துவிடும். மொழிபெயர்ப்பாளனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிய ஐந்து வருடம் ஆனது.

இலங்கை மலையகத்தில் பண்டாரவளையில் இருந்துகொண்டு, பெற்றவர்களைத் தேடி வருகிறவர்களுக்கு வழிகாட்டியாகவும் மொழிபெயர்ப்பாளனாகவும் இருக்கிறேன். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் பேசுவேன். வருகிறவர்களில் அதிகம் பேர் நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து என்று ஐரோப்பாவில் வளர்ந்தவர்கள். 1970களிலிருந்து சுமார் 11,000 குழந்தைகள் இலங்கையிலிருந்து அப்படிப் போனதாகச் சொல்கிறார்கள். அதில் நடந்த குழந்தை வியாபாரத்தை 2017இல் அப்போதைய சுகாதார அமைச்சரே ஒப்புக்கொண்டார். அதைப் பற்றி ஓரளவு எழுதிவிட்டார்கள். யாரும் அதிகம் எழுதாத இன்னொரு கூட்டம் உண்டு. விமானம் ஏறாமல், ஐம்பது மைலுக்குள்ளேயே, யுத்தத்தால் வேறு மொழிக்குள் போய்விட்ட பிள்ளைகள். நான் சொல்ல வருவது அவர்களில் ஓர் அக்காவைப் பற்றி.

2015 கடைசியில் வந்தார். சேலை கட்டி, கையில் ஒரு பிஸ்கட் டின். தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. வளர்த்த அம்மா முந்தைய வருடம் இறந்துபோனார். இறப்பதற்குச் சில நாள் முன்பு, "நீ ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள், தமிழ்ப் பிள்ளை" என்று சொல்லியிருக்கிறார். டின்னுக்குள் ஒரு கறுப்புக் கயிறும் செப்புத் தாயத்தும் இருந்தன. அப்புறம், ஒரு தோட்டத்தின் பெயர். அதுவும் காகிதத்தில் இல்லை. வார்டில் யாரோ சொல்லி வளர்த்த அம்மாவின் காதில் விழுந்து, முப்பது வருடம் சிங்கள வாயில் உருண்டு தேய்ந்த பெயர்.

அந்தப் பெயரை எந்த வரைபடத்திலும் அவர் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்கவும் முடியாது. எங்கள் தோட்டங்களுக்கு இரண்டு பெயர். பலகையில் இருப்பது வெள்ளைக்காரன் வைத்த பெயர். வாயில் இருப்பது பழைய பெரிய கங்காணியின் பேரோ, ஒரு மரமோ, ஓடையோ. பிரதேச செயலகத்தில் முதலாவதுதான் தெரியும், கொழுந்து எடுக்கிற அம்மாமார்களுக்கு இரண்டாவதுதான் தெரியும். அவர் சொன்ன ஒலியை நான் வாய்க்குள் நாலைந்து தடவை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். பிடிபட்டது. எங்கள் சின்னம்மா கட்டிக்கொண்டு போன தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டம்.

தோட்டத்து ஆபீசில் ஒன்றும் கிடைக்கவில்லை. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளுக்குக் கைமாறியபோது தொழிலாளர்களின் பேர் எழுதிய பழைய செக்ரோல் புத்தகங்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. பிறந்ததைப் பதிவு செய்தார்களா என்பதே சந்தேகம். குடியுரிமை இல்லாமல் நாடற்றவர்கள் என்று பேர் வாங்கிய குடும்பங்களில் எத்தனையோ பிள்ளைகளுக்குப் பதிவே கிடையாது. இந்த வேலையில் நான் திருப்பித் திருப்பிப் பார்ப்பது இதுதான்: எங்கள் ஆட்களைக் காகிதத்தில் தேடினால் கிடைக்கமாட்டார்கள். ஆட்களிடம்தான் தேட வேண்டும். அதுவும் "எந்த வருசம்" என்று கேட்டால் பதில் வராது. "என்ன நடந்தப்போ" என்று கேட்க வேண்டும்.

மூன்றாவது தடவை போனபோது, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் முன்பு ஆயாவாக இருந்த ஒரு பாட்டி இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். தமிழர்களைத் தாக்கிய 83 கலவரத்தில் ஆஸ்பத்திரியில் தங்கிப்போன பிள்ளை ஏதும் உண்டா என்று கேட்டேன். இடிப்பதை நிறுத்தினார். "காமன் ஊன்டுன அன்னிக்கிப் பொறந்துச்சே, அந்தப் புள்ளயா?" என்றார். மாசி மாதம் காமன் கூத்துக்காகக் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுகிற நாள். தப்படித்துக்கொண்டிருக்கும்போது மேல் லயத்தில் பிரசவம். 1982 மாசி என்றால் கலவரத்தின்போது பிள்ளைக்கு ஒன்றரை வயதுக்குக் கொஞ்சம் குறைவு. எல்லாம் பொருந்தியது. அதே தோட்டத்தில் கீழ்ப் பிரிவில் அந்தத் தாயின் தங்கை இருந்தார். அவருடைய போனில் ஒரு கிளிநொச்சி நம்பர் இருந்தது.

நான்தான் எடுத்துப் பேசினேன். விஷயத்தைச் சொன்னதும் நெடுநேரம் சத்தமில்லை. அப்புறம் அந்த அம்மா கேட்டது: "நல்லா சாப்புடுதா?" முப்பத்து மூன்று வயதுப் பெண்ணைப் பற்றி. வயிற்றோட்டத்தோடு வார்டில் படுத்திருந்த பிள்ளையைத்தான் அவர் இன்னும் மனதில் வைத்திருந்தார்.

அவசரப்படவில்லை. இரண்டு பேருக்கும் கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்து டிஎன்ஏ பரிசோதனைக்கு அனுப்பினோம். தாயத்தும் காமன் கம்பமும் எனக்குப் போதுமாக இருந்தன, ஆனால் தவறான தாயைக் கட்டிக்கொண்டு அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் காயம் முதல் காயத்தைவிட மோசம். ஏழு வாரத்தில் முடிவு வந்தது. தாயும் மகளும்தான்.

அம்மா ரயிலில் வந்தார். கிளிநொச்சியிலிருந்து பொல்காவலை, அங்கே இறங்கிக் காத்திருந்து பதுளை ரயில். தங்கையின் காம்பிராவில், லயத்து அறையில், சந்திப்பு. கேமரா வேண்டாம், சொந்தக்காரர்கள் வெளியே நிற்கட்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அழுதார்கள். சாயத்தண்ணி வந்தது. அப்புறம் மகள், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நேராகப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார்: "அய் மாவ தாலா கியே?"

எனக்கு உடம்பு கூசியது. எதிரே இருப்பவர் இரண்டு நாள் பயணம் செய்து வந்த வயதான அம்மா. நான் இப்படி மாற்றினேன்: "நீங்க ரெண்டு பேரும் எப்படிப் பிரிஞ்சீங்கன்னு கேக்குறாங்கம்மா."

அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை. அவர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், கடைவீதிச் சிங்களம் தெரிந்தவர். அதை நான் யோசிக்கவே இல்லை. "அது அப்பிடிக் கேக்கல தம்பி. என்னைய ஏன் போட்டுட்டுப் போனேன்னு கேக்குது. சரியாச் சொல்லு. அதுக்குத்தான் நான் பதில் வச்சிருக்கேன்."

சிங்களத்தில் 'தாலா' என்றாலும் தமிழில் 'போட்டுட்டு' என்றாலும் ஒன்றுதான். ஒரு பொருளைக் கீழே போடுவது போல. இரண்டு மொழியிலும் அதே வினை இருக்கிறது. நான்தான் அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தேன்.

அப்போது எனக்கு இரண்டு வருடத்துக்கு முந்திய ஒரு சந்திப்பு ஞாபகம் வந்தது. ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம், அவரைப் பெற்றவர், "என் வீட்டுக்காரருக்குத் தெரியாது, இனிமே வர வேணாம்னு சொல்லுங்க" என்றார். நான் "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, களைப்பாக இருக்கிறார்" என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த வருடம் அந்தப் பெண் பெட்டி நிறையச் சாமான்களோடு வந்து, பூட்டிய கதவுக்கு முன்னால் மழையில் நின்றார். நான் இரக்கம் என்று நினைத்துச் செய்தது அது.

சரி, அந்த அம்மாவின் பதிலுக்கு வருகிறேன். அதை ஒரு சொல் விடாமல் மாற்றினேன்.

வார்டில் மூன்று நாள் பிள்ளையோடு இருந்திருக்கிறார். மாற்றுத் துணி இல்லை, வீட்டில் இரண்டு பையன்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் துணி எடுக்கப் போனார். 1983 ஜூலை கடைசி. பதுளையிலும் நுவரெலியாவிலும் தமிழர் கடைகள் எரிந்த நாட்கள் அவை. அன்று ராத்திரி லயத்துக்கும் வந்தார்கள். தேயிலைக்குள் ஒளிந்திருந்து, முகாமுக்குப் போய், அங்கிருந்து லொறியில் வவுனியா. அடுத்த வருடம் தேடி வந்தபோது அப்படி ஒரு பிள்ளையே இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கையில் அடையாள அட்டை இல்லாத தோட்டத்துப் பெண், அதுவும் அந்த நேரத்தில், யாரிடம் போய்ச் சண்டை போடுவது? பிறகு வடக்கில் யுத்தம் நடந்த வன்னியில் அகப்பட்டுக்கொண்டார். 2002இல் சமாதானம் வந்து வடக்கையும் தெற்கையும் இணைக்கும் ஏ9 பாதை திறந்ததும் மறுபடி வந்து, இரண்டு வாரம் டவுனில் வீடு வீடாக விசாரித்திருக்கிறார். 2006இல் பாதை மூடியது. 2009இல் மூத்த மகன் ஷெல்லில் போனான், மிச்சப் பேர் மெனிக் பாம் அகதி முகாமுக்குப் போனார்கள்.

"போட்டுட்டுப் போகல. துணி எடுக்கப் போனேன்" என்று முடித்தார்.

மகள் எழுந்து வந்து அவர் காலடியில் உட்கார்ந்துகொண்டார். நான் வெளியே போய்விட்டேன்.

அதற்குப் பிறகு அம்மா முதலில் கேட்டது, வளர்த்தவரைப் புதைத்த இடத்துக்குப் போக வேண்டும் என்று. போனோம். பூ வைத்துக் கும்பிட்டு, மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். வளர்த்தவர்களைத் திருடினவர்கள் என்று சொல்லும் சொந்தக்காரர்களும் உண்டு. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த அம்மா ஒரு தடவைகூட அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

கூப்பிடுவதில் ஒரு சிக்கல் இருந்தது. சிங்களத்திலும் அம்மா, தமிழிலும் அம்மா. அந்தச் சொல் ஏற்கெனவே ஒருவருக்குச் சொந்தம் என்பதால் அக்காவுக்கு வாய் வரவில்லை. பல மாதம் பெயர் சொல்லாமலே போனில் பேசினார்கள். பிறகுதான் கவனித்தேன், வளர்த்தவரை அவர் கூப்பிட்டது "அம்மே" என்று. இப்போது இவரைத் தமிழ் மாதிரி, கடைசியை நீட்டி, "அம்மா" என்கிறார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

வருடத்துக்கு ஒரு தடவை அம்மா வருவார். அவர்களுக்கு இப்போது நான் அதிகம் தேவைப்படுவதில்லை. ஆனால் வரும்போதெல்லாம் என்னிடம் ஒன்று கேட்பார். அந்த ஆஸ்பத்திரியின் பழைய வார்டுப் புத்தகத்தைப் பார்க்க முடியுமா என்று. கடிதம் கொடுத்துப் பார்த்தோம், அத்தனை பழையதை வைத்திருப்பதில்லை என்று பதில் வந்தது. அவருக்கு அதில் வேறொன்றும் வேண்டாம். "நான் போன அன்னிக்கி ராத்திரி அதுக்கு யாரு பால் குடுத்தாங்கன்னு தெரிஞ்சாப் போதும் தம்பி."

போன மாதம்கூட, அந்தக் காலத்தில் அங்கே வேலை செய்த ஓர் அம்மா வெலிமடையில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். அவர் அப்போது வேறு வார்டாம். குழந்தைகள் வார்டில் இருந்த இன்னொருவரைச் சொன்னார். மஹியங்கனைப் பக்கம் மகளோடு இருக்கிறாராம். பஸ் கேட்டு வைத்திருக்கிறேன்.