சுண்டுவிரல்

கோயம்புத்தூரில் ஆறு வருடமாகக் குழந்தைகளின் கை கால்களை வார்த்து, ஃபிரேம் போட்டுக் கொடுக்கிறேன். மொட்டை, காதுகுத்து, முதல் பிறந்தநாள் என்றுதான் வருவார்கள். போன சித்திரையில் காலை ஏழு மணிக்கு வந்த போன் வேறு மாதிரி.

"அக்கா, எட்டாம் மாசமுங்க. பாப்பா வயித்துலயே தவறிருச்சு. பத்து மணிக்கு எடுத்துட்டுப் போயிருவோம். அதுக்குள்ள காலை மட்டும் அச்செடுத்துத் தர முடியுங்களா?"

சரி என்று சொல்லிவிட்டேன். வண்டியை எடுத்த பிறகுதான் பயம் வந்தது. நர்ஸாக இருக்கும் தோழியைக் கூப்பிட்டேன். வயிற்றிலேயே இறந்து ஒன்றிரண்டு நாள் ஆன குழந்தைக்குத் தோல் தொட்டாலே உரியும், மை தடவிக் காகிதத்தில் அழுத்தாதே, துடைக்கவும் துடைக்காதே என்றாள். மை டப்பாவை வண்டியிலேயே விட்டுவிட்டேன்.

ஆல்ஜினேட் அழுத்தாது. பல் டாக்டர்கள் அச்செடுக்கும் அதே பொடிதான், பல் மருத்துவப் பொருள் கடையில் 450 கிராம் பாக்கெட்டாகக் கிடைக்கும். கடல்பாசியிலிருந்து எடுப்பது. மண்டபம் பக்கம் கட்டக்கோரை, பக்கோடா பாசி என்று சேகரிக்கிறார்களே, அந்த இனம். தண்ணீரில் கலக்கினால் தயிர் பதத்தில் இருந்து இரண்டு மூன்று நிமிடத்தில் அல்வா போல இறுகிவிடும். காலை முக்கிப் பிடித்திருந்தால் போதும்.

அறை வாசலில் குழந்தையின் பாட்டி. "புதைக்கப் போற புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு கண்ணு? பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆறுமா?" என்னிடம் பதில் இல்லை. நல்லவேளை, சிஸ்டர் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்.

வெயில் காலத்தில் பொடி சீக்கிரம் இறுகும் என்று ஃபிரிட்ஜ் தண்ணீர் கொண்டு போயிருந்தேன். குழந்தையின் அப்பா கிண்ணத்தில் விரலை விட்டுப் பார்த்தார். "சில்லுனு இருக்குதுங்களே அக்கா." ஒன்றும் பேசாமல் அதைக் கொட்டிவிட்டு, பிளாஸ்கிலிருந்து வெந்நீர் வாங்கி விளாவிக் கலந்தேன். எனக்குக் கிடைக்கும் நேரம் பாதியாகக் குறையும் என்று தெரியும். அவரிடம் சொல்லவில்லை.

அந்தக் கால் என் ஆள்காட்டி விரல் நீளம்கூட இல்லை. இடது கால் சுத்தமாக வந்தது. வலது காலுக்கு வருவதற்குள் கலவை இறுக ஆரம்பித்து, சுண்டுவிரலில் காற்று தங்கிவிட்டது. இரண்டாம் தடவை முக்க மனசு வரவில்லை. அச்சை ஈரத்துணியில் சுற்றி வீட்டுக்கு ஓடினேன். ஈரம் போனால் சுருங்கிவிடும், அரை மணிக்குள் வார்த்தாக வேண்டும். டென்டல் ஸ்டோன் என்கிற, கல் மாதிரி இறுகும் பல் மருத்துவ மாவைக் கரைத்து, முதலில் பிரஷ்ஷால் விரல் குழிகளில் தடவி, அப்புறம் தட்டித் தட்டி ஊற்றினேன்.

சுண்டுவிரல் பாதிதான் வந்திருந்தது. வழக்கம்போல நானே ஒரு விரலை உருட்டி ஒட்டி, தேய்த்து, ஒரு வாரம் நிழலில் காயவிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அம்மா ரொம்ப நேரம் பார்த்தார். "சுண்டுவிரல் இப்படி இல்லைங்கக்கா. உள்பக்கமா மடிஞ்சிருக்கும்."

பத்து நிமிடம்தான் மடியில் வைத்திருந்தாராம். அப்பாவின் போனில் ஒரு படம் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால், மடிந்துதான் இருந்தது. திரும்ப எடுத்து வந்து, ஒட்டியதைச் சுரண்டிவிட்டு, அந்தப் படத்தைப் பார்த்தே செய்தேன். இப்போதெல்லாம் கலவையைத் தொடுவதற்கு முன்னால் எல்லாப் பக்கமும் கிட்டத்தில் போட்டோ எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டாம் தடவை போனபோது ஸ்கேன் படத்தையும் லேமினேட் செய்து ஃபிரேமில் சேர்க்க முடியுமா என்று கேட்டார்கள். பில் பேப்பர் மாதிரி வழவழப்பான தாளில் இருந்தால் தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள், சூட்டில் முழுக்கக் கறுத்துவிடும். சும்மா வைத்திருந்தாலும் வருடக்கணக்கில் மங்கும். உடனே நகல் எடுத்து, நகலை ஃபிரேம் போடுங்கள். அடக்கம் முடிந்த பிறகு என்னைக் கூப்பிடுகிறவர்களிடமும் இதைத்தான் சொல்கிறேன்: ஸ்கேன் படம், கையில் கட்டிய பட்டை, சுற்றிய துணி இருக்கிறதா பாருங்கள், துணியைத் துவைத்துவிடாதீர்கள்.

காசு வேண்டாம் என்றேன். அப்பா பர்ஸை மூடவில்லை. "மொதப் பொறந்தநாளுக்கு எடுக்கறவங்ககிட்ட என்ன வாங்குவீங்களோ, அதையே வாங்கிக்கங்க அக்கா."

வாங்கிக்கொண்டேன்.