செங்குத்துக் கோடும் ஒரு கால்சுற்றும்

ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு நேர்க்கோடுகளின் சாய்வுகளைப் பெருக்கினால் −1 கிடைக்கும் என்பதைப் பள்ளியில் மனப்பாடமாகத்தான் கற்றேன். ஏன் −1 என்று கேட்கத் தோன்றாமலேயே பல கணக்குகளைச் செய்து முடித்திருக்கிறேன். பின்னாளில் இதை ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்க நேர்ந்தபோதுதான் கட்டமிட்ட தாளில் வரைந்து பார்த்தேன்.

ஒரு கோட்டில் வலப்புறம் 4 அலகு செல்வதற்குள் மேலே 3 அலகு ஏறுகிறோம் என்றால் அதன் சாய்வு 3/4. அந்தப் படத்தை அப்படியே கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் 90 பாகை திருப்பினால், வலப்புறம் சென்ற 4 அலகு மேலேறும் 4 அலகாகவும், மேலே ஏறிய 3 அலகு இடப்புறம் நகரும் 3 அலகாகவும் மாறுகின்றன. ஆகவே புதிய சாய்வு −4/3. பின்னம் தலைகீழாவதும் குறி மாறுவதும் தனித்தனி விதிகள் அல்ல, இந்த ஒரே கால்சுற்றின் இரு விளைவுகள் என்று புரிந்தபோது நான் அடைந்த மகிழ்ச்சி இன்னும் நினைவில் இருக்கிறது.

இனி, 3எக்ஸ் − 4ஒய் = 2 என்ற கோட்டிற்குச் செங்குத்தாக, (−1, 5) என்ற புள்ளி வழியே செல்லும் கோட்டைக் காண்போம். கெழுக்களை, அதாவது எக்ஸ், ஒய் ஆகியவற்றின் முன்னுள்ள எண்களை, இடம் மாற்றி, ஒன்றன் குறியை மட்டும் மாற்றினால் இடப்பக்கம் 4எக்ஸ் + 3ஒய் என்றாகிறது. வலப்பக்கத்தில் பழைய 2 என்ற எண்ணையே விட்டுவிடுவதுதான் நான் மிகுதியாகக் கண்ட பிழை. அவ்வாறு எழுதினாலும் கோடு செங்குத்தாகத்தான் இருக்கும். ஆனால் நமக்கு வேண்டிய புள்ளி அதன்மேல் இராது. ஒரு கோட்டிற்குச் செங்குத்துகள் எண்ணிறந்தவை. அவற்றுள் நம்முடையது எது என்பதை வலப்பக்கத்திலுள்ள அந்த மாறிலியே தீர்மானிக்கிறது. புள்ளியைப் பிரதியிட, −4 + 15 = 11; எனவே சமன்பாடு 4எக்ஸ் + 3ஒய் = 11.

இரு சமன்பாடுகளையும் சேர்த்துத் தீர்த்தால் செங்குத்தின் அடி, அதாவது இரு கோடுகளும் வெட்டும் புள்ளி, (2, 1) எனக் கிடைக்கும். அங்கிருந்து (−1, 5) வரையுள்ள தொலைவு சரியாக 5 அலகு.

ஒய் = 4 போன்ற கிடைக்கோடு வரும்போது பலர் திகைத்து நின்றுவிடுகிறார்கள். அதன் சாய்வு 0. எந்த எண்ணால் பெருக்கினாலும் −1 வராது. கெழுக்களை இடம் மாற்றும் முறைக்கோ இத்தடை இல்லை: ஒய்யின் கெழுவான 1 எக்ஸுக்குச் செல்ல, எக்ஸின் கெழுவான 0 ஒய்யுக்கு வர, அதே புள்ளி வழியே எக்ஸ் = −1 என்ற நிலைக்குத்துக் கோடு கிடைத்துவிடுகிறது.