ஒரே ஒரு காட்சியை வைத்து எழுதிய சினிமா பேப்பர்

விஸ்காம் படித்தபோது ஃபிலிம் ஸ்டடீஸ் பேப்பருக்கு நான் எடுத்துக்கொண்டது சத்யஜித் ராயின் வங்காளப் படம் 'பதேர் பாஞ்சாலி' (1955). வறுமை, யதார்த்தம், இத்தாலிய நியோரியலிசம் (எளிய மக்களின் வாழ்க்கையை நிஜ இடங்களில் வைத்துப் படமாக்கும் பாணி) என்று எந்தப் பக்கம் போனாலும் அதைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதிவிட்டார்கள், அதனால் முழுப் படத்தையும் விட்டுவிட்டு ஒரே ஒரு காட்சியைப் பிடித்துக்கொண்டேன். ஹரிஹர் ஊர் திரும்பும் காட்சி. மகள் துர்கா இறந்துபோனது அவருக்குத் தெரியாது. வாங்கி வந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து மனைவி சர்பஜயாவிடம் காட்டுகிறார், துர்காவுக்கு வாங்கிய புடவையும் வெளியே வருகிறது. அதைக் கையில் வாங்கியதும் சர்பஜயா உடைந்துபோய்க் கதறுகிறாள், ஆனால் அவள் குரல் நமக்குக் கேட்காது. அந்த இடத்தில் தார் ஷெனாய் என்ற, வில்லால் வாசிக்கும் தந்தி வாத்தியம் ஒலிக்கிறது.

யாருக்கும் தொண்டையை அடைக்கும். ஆனால் 'மனதை உருக்குகிறது' என்று எழுதி நிறுத்தினால் அது அனாலிசிஸ் ஆகாது, எதனால் உருக்குகிறது என்று காட்டவேண்டும். அதனால் முதலில் மியூட்டில் போட்டுப் பார்த்தேன், அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேட்டேன், நோட்டில் கட்டம் போட்டு ஒவ்வொரு ஷாட்டிலும் என்ன தெரிகிறது, கேமரா எங்கே இருக்கிறது, என்ன கேட்கிறது என்று எழுதினேன். (2015இல் வெளிவந்த, 4கே தரத்தில் மீட்டெடுத்த பிரதியைப் பாருங்கள். பழைய பிரிண்டுகளில் ஒலி கரகரக்கும், இந்த வேலைக்கு அது ஆகாது.)

வாதம் அந்த நோட்டிலிருந்துதான் வந்தது. ஹரிஹர் பேசிக்கொண்டே போகிறார், அவள் ஏறக்குறைய வாயே திறப்பதில்லை. கடைசியில் வாய் திறக்கும்போது படம் அவள் குரலை எடுத்துவிட்டு ஒரு வாத்தியத்திடம் கொடுக்கிறது. அவ்வளவு நேரம் அடக்கிவைத்த அழுகை என்பதால்தான் அது இசையாக வந்தும் மிகையாகத் தெரியவில்லை. இதுதான் என் கட்சி.

படத்துக்கு ரவிசங்கர் அமைத்த இசை பெரும்பாலும் ஒரே இரவில் பதிவானது என்பது நல்ல தகவல், ஒரு பத்தியே எழுதி வைத்திருந்தேன், வாதத்துக்கு உதவாததால் வெட்டிவிட்டேன். 'இது வெறும் மெலோடிராமாதானே' என்று கேட்பவருக்கான பதிலுக்கு அந்த இடத்தைக் கொடுத்தேன். முன்னுரையை எல்லாம் முடிந்த பிறகுதான் எழுதினேன், என்ன சொல்லப்போகிறேன் என்பது அப்போதுதான் எனக்கே ஒரு வரியில் சொல்ல வந்தது.