"இழுவை" என்ற சொல்லுக்குப் பின்னால்

எங்கள் வீட்டில் யாராவது ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வந்தால், அதைப் பற்றிய தீர்ப்பு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வந்துவிடும். "நன்றாக இருந்தது" என்பார்கள், "ஒருமுறை பார்க்கலாம்" என்பார்கள், இல்லையென்றால் "இழுவை" என்பார்கள். இந்தக் கடைசிச் சொல்லைத்தான் நான் கொஞ்ச காலமாகக் கவனித்து வருகிறேன். அதைச் சொன்னவரிடம் இன்னும் ஒரு கேள்வி கேட்டால், படத்தின் நீளத்தோடு நேரடித் தொடர்பில்லாத வேறொன்று வெளியே வருகிறது. அதுவே அவருடைய உண்மையான கருத்து என்று நான் நம்புகிறேன்.

சி. பிரேம்குமார் இயக்கிய 'மெய்யழகன்' 2024 செப்டம்பர் 27 அன்று வெளியானது. அந்த வார இறுதியிலேயே அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து 1996 இல் சென்னைக்குக் குடிபெயர்ந்த குடும்பத்தின் மகன், இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து ஒரு தங்கையின் திருமணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். "அத்தான், அத்தான்" என்று அவரையே சுற்றிவரும் உறவுக்காரர் ஒருவரின் பெயர் அவருக்கு நினைவில் இல்லை. கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. அரவிந்த்சாமியும் கார்த்தியும் ஓர் இரவு முழுக்கப் பேசிக்கொண்டிருப்பதுதான் படத்தின் பெரும்பகுதி. அம்மா பிறந்தது மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம். நீடாமங்கலம் அவர் சிறுவயதில் கல்யாணங்களுக்குப் போய்வந்த ஊர். மணமேடையில் அண்ணன் தன் கையாலேயே தங்கைக்கு நகை அணிவித்த காட்சியில் தொடங்கிய அழுகையை அவர் இடைவேளையிலும் நிறுத்தவில்லை. பேருந்தில் வரும்போது, "நம்ம வீட்டில் இப்போது யார் குடியிருக்கிறார்களோ" என்று மட்டும் கேட்டார். படத்தைப் பற்றி அன்று அவர் வேறெதுவும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அதே படத்தைப் பார்த்த அக்காவின் கணவர், வந்ததும் "இழுவை" என்றார். அம்மாவுக்கு மனம் பொறுக்கவில்லை. பின்னிரவுப் பேச்சில் தனக்குப் பிடித்த ஒரு பகுதியை நினைவுகூர்ந்து, "அதுகூடவா பிடிக்கவில்லை, மாப்பிள்ளை?" என்று கேட்டார். "அப்படி ஒரு காட்சியே வரவில்லையே, அத்தை" என்றார் அவர். இருவரும் சொன்னது உண்மைதான். ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடிய படம், நீளம் அதிகம் என்று வந்த கருத்துகளை அடுத்து, வெளியான சில நாள்களிலேயே சுமார் 18 நிமிடங்கள் குறைக்கப்பட்டிருந்தது. முதல் வாரப் பார்வையாளர்கள் சொன்ன குறைக்காக வெட்டப்பட்ட படத்தைப் பார்த்துவிட்டு, இரண்டாம் வாரப் பார்வையாளரும் அதே குறையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு அது வருத்தமாக இருந்தது. நிதானமாகப் பேசிப் பேசித்தான் அந்த இருவருக்கும் நெருக்கம் உண்டாகிறது என்னும்போது, பேச்சைக் குறைத்தால் நெருக்கமும் அந்த அளவுக்குக் குறையும். ஆனாலும் மாமாவின் கருத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. எந்த இடத்தில் இழுவையாக இருந்தது என்று கேட்டேன். சிறிது யோசித்துவிட்டு, "அந்தத் தம்பி அவ்வளவு அன்பாக இருக்கும்போது, பேர் தெரியாது என்று இவர் சொல்லியிருக்கலாமே, ஏன் மறைத்துக்கொண்டே இருக்கிறார்?" என்றார். தன் ஊருக்குப் போனால் தனக்கும் பாதிப் பேரின் பெயர் தெரிவதில்லை என்றும், அதனால்தான் விசேஷங்களுக்கு அக்காவை மட்டும் அனுப்பிவிடுவதாகவும் பிறகு சொன்னார். படத்தின் மையமே அவரைத் தொட்டிருக்கிறது. அங்கே உட்கார்ந்திருக்க அவருக்குச் சங்கடமாக இருந்திருக்கிறது.

மாரி செல்வராஜின் 'வாழை'யைப் பற்றி மண்டியில் சுமை தூக்கும் நண்பர் ஒருவர் சொன்னதும் இப்படிப்பட்டதுதான். டீச்சரும் பாட்டும் வரும் இடங்கள் அவருக்கு இழுவை. இயக்குநர் தன் சிறுவயதில் கண்டதிலிருந்து எடுத்த படம் அது. கூலியில் ஒரு ரூபாய் கூட்டிக் கேட்டவர்கள் வாழைத்தார் ஏற்றிய லாரியின் மேலேயே ஏறிப் போக நேர்கிறது. "லோடு மேலே உட்கார்ந்து போயிருக்கிறேன், சார். அந்த லாரி எப்போது வரும் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார் நண்பர். பள்ளிக்கூடக் காட்சிகளின் மகிழ்ச்சி எனக்குத் தேவையாக இருந்தது. அந்த லாரி கவிழும் முடிவை முன்கூட்டியே அறிந்திருந்த அவருக்கு அது தாங்க முடியாத காத்திருப்பாக இருந்திருக்கிறது.

'வாழை' வெளியான அதே 2024 ஆகஸ்ட் 23 அன்றுதான் பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'யும் வந்தது. எங்கள் தெருவில் மிகுதியாகத் திட்டு வாங்கிய படம் இதுவே. பின்னணி இசை கிடையாது. வேறொருவரை விரும்பியதால் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டப்பட்ட மீனா என்ற பெண்ணை, உறவினர்கள் ஆட்டோவிலும் பைக்கிலுமாகச் சாமியாரிடம் அழைத்துப் போகிறார்கள். அந்தப் பயணம்தான் முழுப்படமும். அன்னா பென் ஏற்ற அந்தப் பாத்திரம் ஏறக்குறைய பேசுவதே இல்லை. அவளை மணக்கவிருக்கும் மாமனாக வரும் சூரி அந்தக் கடைசி இடத்தில் என்ன முடிவெடுக்கிறார் என்று காட்டாமலேயே படம் நின்றுவிடுகிறது. கல்லூரியில் படிக்கும் அக்கா மகன், "படம் முடியவே இல்லை, மாமா, காசு வீண்" என்று கோபப்பட்டான். அவனுடைய கோபத்தில் நியாயம் உண்டு. அந்தப் பெண் தப்பித்தாளா என்று தெரிந்துகொள்ளாமல் தூங்கப் போக அவனுக்கு மனம் வரவில்லை.

ஆனால் எதிர்வீட்டு அத்தை அதை ஏற்கவில்லை. அவர் ஆண்டுக்கு நான்கைந்து படங்கள் பார்ப்பவர், அதுவும் தொலைக்காட்சியில்தான். வழியில் ஒரு காளை நடுச்சாலையில் நின்றுகொண்டு வண்டிகளை மறிக்கும் காட்சியை அவர் எடுத்துச் சொன்னார். அத்தனை ஆண்கள் இருந்தும் யாராலும் அதை நகர்த்த முடிவதில்லை. பிறகு ஒரு சிறுமி வந்து எளிதாகப் பிடித்து நடத்திக்கொண்டு போய்விடுகிறாள். "அந்தச் சின்னப் பிள்ளை வந்ததோடு படம் முடிந்துவிட்டது, தம்பி. அதற்குப் பிறகு சாமியார் என்ன செய்தால் என்ன?" என்றார். அந்தக் காட்சியை நான் முதல்முறை ஒரு வழித்தடங்கலாக மட்டுமே பார்த்துவிட்டுக் கடந்திருந்தேன். அன்று இரவு அதை மட்டும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். இந்த முறை என் கண் ஆண்கள்மேல் நிற்கவில்லை; காளையோடு நடந்துபோகும் அந்தக் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.