கொட்டை எழுத்தில் வந்த வினை

அக்டோபர் 30

பழைய நாளிதழ்களை அந்தந்தத் தேதியிலேயே எடுத்துப் படிப்பது என்று ஒரு கிறுக்கு பிடித்திருக்கிறது. இன்று சிக்கியது 1975. நியூயார்க் நகர நிர்வாகம் திவாலாகும் நிலையில் கையேந்தி நிற்கிறது. நகரைத் தூக்கி நிறுத்த எந்த மசோதா வந்தாலும் ‘வீட்டோ’ செய்து தடுத்துவிடுவேன் என்று முந்தின நாள் அதிபர் ஜெரால்டு ஃபோர்டு பேசியிருக்கிறார். டெய்லி நியூஸ் அதைச் சுருக்கிய அழகு: “நகருக்கு ஃபோர்டு சொன்னது: செத்துத் தொலை!”

மனிதர் அப்படிச் சொல்லவே இல்லை. போதாக்குறைக்கு, இரண்டு மாதம் முடிவதற்குள் நியூயார்க்குக்குக் கடன் தரும் சட்டத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டார். அது யாருக்கு ஞாபகம்? 1976 தேர்தலில் நியூயார்க் மாநிலத்தின் 41 தேர்வாளர் வாக்குகளும் (அங்கே அதிபரை முடிவு செய்வது மாநிலவாரியான இந்த வாக்குகள்தான்) எதிர்த்து நின்ற கார்ட்டருக்குப் போயின. அவை மட்டும் இந்தப் பக்கம் விழுந்திருந்தால் நாற்காலி ஃபோர்டுக்குத்தான். தலைப்பு ஒன்றாலேயே தோற்றார் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சொல்லாத வார்த்தைக்கு இவ்வளவு விலை கொடுத்தவர்கள் குறைவு.

அக்டோபர் 31

1938, நியூயார்க் டைம்ஸ்: “வானொலி நேயர்கள் பீதி, போர் நாடகத்தை நிஜமென்று நம்பினர்.” முந்தின இரவு நாடக நடிகர் ஆர்சன் வெல்ஸின் குழு ஒலிபரப்பிய செவ்வாய் கிரகப் படையெடுப்பு நாடகம்தான் விஷயம். கொஞ்சம் பேர் பயந்தது உண்மை. பத்திரிகைகள் ஊதிய அளவுக்கு இல்லை என்கிறார்கள் பின்னாளில் ஆராய்ந்தவர்கள். விளம்பர வருமானத்தை வானொலி பங்கு போட்டுக்கொண்டிருந்த காலம், எரிச்சல் இருக்காதா? வானொலியை மட்டம் தட்டப் போய், 23 வயது வெல்ஸை ஊரறிய வைத்ததுதான் மிச்சம். கொஞ்ச நாளில் ஹாலிவுட்டே கூப்பிட்டுவிட்டது.

நவம்பர் 3

இன்று பெரிய திருவிழா. 1948, அதிபர் ட்ரூமனை டூயி எதிர்த்து நின்ற தேர்தலுக்கு மறுநாள், சிகாகோ டெய்லி டிரிப்யூன்: “ட்ரூமனை டூயி வீழ்த்தினார்.” வீழ்த்தவில்லை.

எல்லோரும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அச்சுக்கூடத்தில் நடந்ததைச் சொல்ல மாட்டார்கள். அச்சுக்கோப்பவர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். செய்தியைத் தட்டச்சு செய்து, பக்கத்தைப் படம்பிடித்து, அதிலிருந்து தகடு எடுத்து அடிக்க வேண்டிய நிலை. அதற்கு நேரம் அதிகம் பிடிக்கும். ஆகவே வாக்குகள் ஒழுங்காக எண்ணப்படுவதற்கு வெகு முன்பே முதல் பதிப்பின் தலைப்பை முடிவு செய்தாக வேண்டும். ஆர்தர் சியர்ஸ் ஹென்னிங் என்று வாஷிங்டனில் ஒரு மூத்த நிருபர். அவர் கணிப்பு பெரும்பாலும் தப்பாது என்று பெயர். அவர் டூயிதான் என்றார். கருத்துக்கணிப்புகளும் டூயி என்றன. பத்திரிகைக்கும் உள்ளூர அதுதான் ஆசை. ட்ரூமனை முட்டாள் என்றே எழுதிய பத்திரிகை அது.

ஏறக்குறைய 1,50,000 பிரதிகள் வெளியே போய்விட்டன. அவசரத்தில் உள்ளே சில வரிகள் தலைகீழாக வேறு அச்சாகியிருந்தன. ஒரு விதத்தில் அந்தப் பக்கத்தில் நிலவரத்தைச் சரியாகச் சொன்னவை அந்த வரிகள்தான். கடைசிக் கணக்கில் தேர்வாளர் வாக்குகள் ட்ரூமனுக்கு 303, டூயிக்கு 189.

நவம்பர் 4

நேற்றைய கதையின் மிச்சம். வாஷிங்டன் திரும்பும் வழியில் செயின்ட் லூயிஸ் நிலையத்தில் ரயில் நிற்கிறது. ட்ரூமன் கையில் யாரோ அந்தப் பிரதியைக் கொடுக்கிறார்கள். அவர் அதை விரித்துத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறார். கேமராக்கள் சும்மா இருக்குமா? திட்டி எழுதிய பத்திரிகையே அவருக்கு ஆயுளுக்கும் போதுமான விளம்பரப் பலகை அடித்துக் கொடுத்துவிட்டது.

நவம்பர் 7

1918. முதல் உலகப் போர் முடிந்தது என்று மாலைப் பதிப்புகள். யுனைடெட் பிரஸ் செய்தி நிறுவனத் தலைவர் ராய் ஹோவர்டு பிரெஞ்சுத் துறைமுகமான பிரெஸ்ட்டில் இருந்தார். அங்கிருந்த அமெரிக்கக் கடற்படைத் தளபதி வில்சனே சொன்னார் என்று தந்தி அடித்தார். தளபதியே சொன்ன பிறகு நிருபர் என்ன செய்வார்! நியூயார்க் தெருக்களில் கூத்து, கும்மாளம், ஜன்னல்களிலிருந்து காகித மழை. உண்மையில் போர் நிற்க இன்னும் நான்கு நாள் இருந்தது. அந்த நான்கு நாளிலும் போர்முனையில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள் என்பதால் இதற்கு எனக்கு முழுச் சிரிப்பு வரவில்லை. ஹோவர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு பெரிய பத்திரிகைக் குழுமத்தின் பெயரிலேயே அவர் பெயரும் சேர்ந்துகொண்டது.

நவம்பர் 9

எனக்கு மிகவும் பிடித்தது. 1874, நியூயார்க் ஹெரால்டு. சென்ட்ரல் பார்க் மிருகக் காட்சிசாலையிலிருந்து விலங்குகள் தப்பித்து ஊருக்குள் புகுந்தன. 49 பேர் பலி, 200 பேர் காயம். பத்தி பத்தியாக ரத்தம். எல்லாம் முடிந்து கடைசிப் பத்தியில், மேலே சொன்னது முழுக்கக் கற்பனை என்று ஒரு வரி. கூண்டுகள் பலவீனமாக இருப்பதை எச்சரிக்கத்தான் எழுதினோம் என்பது அவர்கள் கட்சி.

கடைசிப் பத்தி வரை யார் படிக்கிறார்கள்? துப்பாக்கியோடு தெருவில் இறங்கினார்கள். பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டினார்கள். போட்டிப் பத்திரிகையின் ஆசிரியர் ஒருவர் போலீஸ் தலைமையகத்துக்கே போய், இவ்வளவு பெரிய செய்தியை ஹெரால்டுக்கு மட்டும் கொடுத்தீர்களே என்று சண்டை பிடித்ததாக ஒரு கதை உண்டு. பத்திரிகைக்காரரே தலைப்போடு நிறுத்திக்கொண்டால் மற்றவர்களை என்ன சொல்ல? எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான். இங்கே இரண்டும் ஒரே காலையில் நடந்திருக்கிறது.

நவம்பர் 10

1919, நியூயார்க் டைம்ஸ்: “வானத்து விளக்குகள் எல்லாம் கோணல்.” அந்த ஆண்டு மே 29 சூரிய கிரகணத்தில் எடுத்த அளவீடுகள் சூரியன் அருகே நட்சத்திர ஒளி வளையும் என்று ஐன்ஸ்டைன் சொன்னதோடு பொருந்துகின்றன என்று லண்டனில் அறிவித்தார்கள். செய்தி அனுப்பிய ஹென்றி கிரவுச் உண்மையில் கோல்ஃப் நிருபர். பந்து எங்கே போய் விழும் என்று பார்த்துப் பழகியவரிடம் ஒளி வளைகிறது என்றால் அவர்தான் என்ன செய்வார்.

உலகில் 12 பேருக்கு மேல் ஐன்ஸ்டைனின் புத்தகம் புரியாது என்று ஒரு துணைத் தலைப்பு. அதோடு ஐன்ஸ்டைன் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயராகிவிட்டார். புரியவில்லை என்று சொல்வதே ஒரு கௌரவம் ஆனது. இன்னொரு துணைத் தலைப்பு: நட்சத்திரங்கள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, ஆனால் யாரும் கவலைப்பட வேண்டாம். எந்தப் புண்ணியவான் எழுதினாரோ, வாசகரின் தூக்கத்தைப் பற்றி யோசித்த ஒரே ஆள்.

நாளை தேதி 11. 1918-இன் அசல் போர் நிறுத்தச் செய்தி. சரியாக வந்த தலைப்பு. எனக்கு அதில் வேலை இல்லை.