ஹஜ்ரத் உள்ளே, மருந்து வெளியே: கைதான ஆலிமின் உடல்நலத்துக்காக மனுப் போடும் வழி

கீழக்கரையோ பெரியபட்டினமோ தொண்டியோ, ஊர் ஹஜ்ரத்தை, அதாவது பள்ளிவாசல் ஆலிமை, போலீஸ் கூட்டிப் போய்விட்டது என்றால் அரை மணி நேரத்தில் ஸ்டேஷன் வாசலில் கூட்டம் கூடிவிடும். பாசம் புரிகிறது, பலன் இல்லை. சட்டவிரோதமாகக் கூடியதாக இன்னொரு வழக்கு விழும், நாலு பையன்கள் அதில் மாட்டுவார்கள், அவர்களை எடுப்பதிலேயே வக்கீலின் நேரம் போகும். வக்கீல், ஜமாஅத் நிர்வாகி, வீட்டு ஆள் என்று மூன்று பேர் போனால் போதும். வீட்டு ஆள் என்றால், வாப்பா எந்த மாத்திரையை எந்த வேளைக்குச் சாப்பிடுகிறார் என்று சொல்லத் தெரிந்தவர். பெரும்பாலும் அது மூத்த மகனாக இருக்காது. உம்மாவாகவோ மகளாகவோ இருக்கும். அவரையே அழைத்துப் போங்கள்.

ஸ்டேஷனில் கைதுக் குறிப்பாணையில் குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். நேரம் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் போடாதீர்கள். 24 மணி நேரக் கணக்கு அதிலிருந்துதான் ஓடும். கைதுக்கான காரணங்களை எழுத்தில் கேளுங்கள். பிரபீர் புர்காயஸ்தா வழக்கில் 2024இல் உச்ச நீதிமன்றம் உபா எனும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டக் கைதுக்கே அது கட்டாயம் என்று சொல்லிவிட்டது. பலரும் கவனிக்காத ஒன்று, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் பிரிவு 35(7). மூன்றாண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றம், ஆளோ அறுபது தாண்டியவர் அல்லது உடல் நலிந்தவர் என்றால், டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் கைது செய்யக் கூடாது. அனுமதி எங்கே என்று ரிமாண்டின்போது மாஜிஸ்திரேட்டிடம் கேட்க வேண்டும்.

ரிமாண்டுக்கு முன் அரசு மருத்துவமனையில் ஒரு பரிசோதனை நடக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு, கேஷுவாலிட்டியில், இரண்டு நிமிடத்தில், பிரஷர் பார்த்து 'ஃபிட்' என்று எழுதிவிடுவார்கள். பின்னால் எல்லாச் சண்டையும் இந்த ஒற்றைச் சொல்லோடுதான். ஆகவே ஹஜ்ரத் தன் வாயாலேயே, சர்க்கரை, இன்சுலின், ஸ்டென்ட், கிட்னி என்று ஒவ்வொன்றாகச் சொல்லி எழுதச் சொல்ல வேண்டும். கூச்சப்பட்டு 'அல்ஹம்துலில்லாஹ், நல்லாத்தான் இருக்கேன்' என்று சொல்பவர்கள் உண்டு. வக்கீல் முன்கூட்டியே தயார்ப்படுத்த வேண்டும். பிஎன்எஸ்எஸ் பிரிவு 53இன்படி அறிக்கையின் நகல் கைதானவருக்கோ அவர் சொல்லும் ஆளுக்கோ தரப்பட வேண்டும். அன்றே கேளுங்கள்.

மாஜிஸ்திரேட் முன் ஜாமீன் மனுவோடு நிறுத்தாதீர்கள். சிகிச்சைக்கென்று தனி மனு, அன்றைக்கே. ஜாமீன் வாரக்கணக்கில் தள்ளிப் போகும். சிகிச்சை மனுவில் சிறைக் கண்காணிப்பாளருக்கு உத்தரவு உடனே கிடைக்கக்கூடும். உபா வழக்கில் சிறையில் இருந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி, கை நடுங்கும் பார்க்கின்சன் நோயாளி, தண்ணீர் உறிஞ்சிக் குடிக்கும் குவளைக்கே நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. ஜாமீன் மனு நிலுவையில் இருக்கும்போதே 2021 ஜூலை 5இல் இறந்தார். மனுவில் 'தக்க சிகிச்சை' என்று பொதுவாக எழுதினால் உத்தரவும் பொதுவாகத்தான் வரும். மருந்தின் மூலப்பெயர், அளவு, வேளை, யார் எழுதிக் கொடுத்தது, அடுத்த செக்கப் தேதி, கட்டில், மேற்கத்தியக் கழிவறை, நடக்க ஊன்றுகோல் என்று எல்லாம் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பிராண்டுப் பெயர் மட்டும் எழுதினால் 'அந்த மருந்து ஸ்டாக் இல்லை' என்று பதில் வரும்.

இன்சுலின் தனிக் கதை. திறக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். ராமநாதபுரம் வெயிலில் பஸ்ஸில் கொண்டுபோகும்போது ஜெல் பேக்கோடு தெர்மாஸில் போடுங்கள். ஐஸ்கட்டியில் நேராகப் பட்டு உறைந்தால் மருந்து வீண். இதைவிடப் பெரிய ஆபத்து நேரம். சிறையில் ராத்திரிச் சாப்பாட்டை மாலையிலேயே கொடுத்துப் பூட்டிவிடுவார்கள். வீட்டில் இஷா எனும் இரவுத் தொழுகைக்குப் பிறகு எடுத்துக்கொள்ளும் அதே யூனிட்டை, அதே நேரத்தில், சாப்பிட்டு வெகுநேரம் கழித்துப் போட்டால் நள்ளிரவில் சுகர் இறங்கி ஆள் மயங்கிவிடுவார், கதவு பூட்டியிருக்கும். அளவையும் நேரத்தையும் மாற்றி எழுதித் தரும்படி டாக்டரிடம் கேட்டு, பிஸ்கட்டும் சர்க்கரையும் அறையில் வைத்துக்கொள்ள அனுமதியையும் மனுவிலேயே சேர்க்க வேண்டும். ரமலான் வந்தால் இன்னும் கவனம். நோயாளிக்கு அல் பகரா 184, 185இல் சலுகை இருப்பதை ஹஜ்ரத்துக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் நோன்பு பிடிப்பார். விடியலுக்கு முந்திய சஹர் நேர உணவு, சுகர் பார்க்கும் கருவி இரண்டையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சிறையில் மனுப் போட்டு அவரைப் பார்க்கப் போகும் ஒவ்வொரு முறையும், அந்த வாரம் எந்த மருந்து வந்தது, எது வரவில்லை என்று கேட்டு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். காவல் நீட்டிப்பு வீடியோவில்தான் நடக்கும். அப்போது 'ஐயா, மருந்து கிடைக்கல' என்று அவரே சொல்லி, பதிவு செய்யும்படி கேட்க வேண்டும்.

மெடிக்கல் ஜாமீனில் பெரும்பாலும் தோற்பது 'முழு ஓய்வு தேவை' என்ற உள்ளூர் டாக்டரின் சான்றிதழால். சிறை மருத்துவமனை இருக்கிறது, மிஞ்சினால் மதுரை ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது என்று அரசு வக்கீல் ஒரே வரியில் முடித்துவிடுவார். கைதுக்கு முன் கிட்னியின் நிலை காட்டும் கிரியேட்டினின் எவ்வளவு, இப்போது எவ்வளவு, எந்தத் தேதி டயாலிசிஸ் தவறியது என்று காட்டினால்தான் பேச்சு மாறும். மருத்துவக் குழு அறிக்கையை நாமே கேட்கலாம். குறிப்பிட்ட சிகிச்சைக்காக, குறிப்பிட்ட காலத்துக்கு இடைக்கால ஜாமீன் கேட்பது எங்கள் கணக்கில் நல்ல வழி. கேரள அரசியல் தலைவர் அப்துல் நாசர் மஃதனிக்கு 2014 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சிகிச்சைக்காகக் கொடுத்தது; தெலுங்குக் கவிஞர் வரவர ராவுக்கு மும்பை உயர் நீதிமன்றம் 2021இல் ஆறு மாதம் கொடுத்தது, மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை நிரந்தரமாக்கியது. உபா வழக்கானால் ஜாமீனைத் தடுக்கும் 43டி(5) பிரிவு குறுக்கே நிற்கும். விசாரணை முடிவது கண்ணுக்குத் தெரியாமல் இழுத்தால் அந்தத் தடை உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்ற அரசியல் சாசன நீதிமன்றங்களைக் கட்டாது என்று 2021இல் கே.ஏ. நஜீப் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்று உட்கார வேண்டாம். காவலில் உள்ள எவருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் உதவி இலவசம். 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். மனித உரிமை ஆணையத்துக்கு எழுதுவதானால் ஓராண்டுக்குள் எழுத வேண்டும், மேலே சொன்ன நோட்டின் நகலோடு. ஆனால் அவருடைய மருத்துவ அறிக்கையை வாட்ஸ்அப்பில் சுற்றவிடாதீர்கள். வளைகுடாவில் இருக்கும் மச்சான்மார் நல்லெண்ணத்தில்தான் பகிர்வார்கள்; அதற்குள் யாராவது வெட்டி ஒட்டி வேறொன்றாக்கிவிடுவார்கள்.

ஜாமீன் கிடைத்தால் நிபந்தனைகளை வாசியுங்கள். தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்து என்று இருந்து, டயாலிசிஸ் மதுரையில் என்றால் இரண்டும் ஒத்துவராது. ஒரு நாள் தவறினாலே ஜாமீனை ரத்து செய்ய மனுப் போடுவார்கள். நிபந்தனையைத் தளர்த்தும் மனுவை முதல் டயாலிசிஸ் தேதிக்கு முன்பே போட்டுவிட வேண்டும்.