சிலேட்டு நிறக் கொட்டைகள்

ஐவரி கோஸ்ட்டில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னபோது, "சாக்லேட் கம்பெனியா?" என்று உறவினர் எல்லோரும் ஒரே குரலில் கேட்டார்கள். ஒன்பது ஆண்டுகள் அங்கே இருந்தேன். ஒரு துண்டு சாக்லேட்கூடத் தயாரிக்கவில்லை. கோகோ கொட்டைகளை நீளவாக்கில் வெட்டி உள்ளே என்ன நிறம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாட்டின் தென்மேற்கு மூலையில் இருக்கும் சான் பெத்ரோ ஒரு துறைமுக ஊர். உலகின் கோகோவில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இந்த ஒரு நாட்டில் விளைகிறது. அதில் பெரும் பகுதி சான் பெத்ரோ, அபிஜான் ஆகிய இரு துறைமுகங்கள் வழியாகத்தான் கப்பலேறுகிறது. நான் இருந்தது ஒரு வணிக நிறுவனக் கிடங்கின் தரப் பரிசோதனை அறையில். லாரி வந்ததும் மூட்டைகளில் குத்தூசி செருகி மாதிரி எடுப்போம். நம் ஊர் நெல் மண்டியில் பார்த்த அதே குத்தூசிதான். முந்நூறு கொட்டைகளை எண்ணி, வரிசையாக அடுக்கி வெட்டினால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். பழுப்பு என்றால் நன்றாகப் புளித்தது. ஊதா என்றால் அரைகுறை. சாம்பல் பூத்த கறுப்பு என்றால் புளிக்கவே இல்லை. அந்தக் கடைசி நிறத்துக்குத் தொழிலில் வழங்கும் பெயர் சிலேட்டு. பள்ளியில் எழுதிய அதே பலகைதான்.

இட்லி மாவு புளிக்கும் வீட்டில் பிறந்தவனுக்குக் கோகோ எளிதில் புரியும். காயை உடைத்து, வெள்ளைச் சதையோடு கொட்டைகளை வாழை இலைமேல் குவித்து, மேலேயும் இலை போட்டு மூடுகிறார்கள். ஐந்தாறு நாளில் குவியல் சுட்டு, காடியின் வாடை மூக்கில் ஏறும். சாக்லேட்டின் மணத்துக்கு விதை விழுவது இந்தச் சூட்டில்தான். பிறகு ஒரு வாரம் வெயிலில் உலர்த்த வேண்டும். ஈரம் எட்டு விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் கப்பலில் பூஞ்சணம் பூத்துவிடும். ஆக, காய் பறித்த நாளிலிருந்து காசு கையில் வரும்வரை ஏறக்குறைய இரண்டு வாரம் பொறுத்திருக்க முடிந்தவர்தான் நல்ல கோகோ விற்க முடியும்.

எல்லோராலும் பொறுத்திருக்க முடிவதில்லை. ஜூலை முதல் செப்டம்பர் வரை தோட்டத்தில் வருமானம் இல்லாத மாதங்கள். பள்ளி திறப்பதோ செப்டம்பரில். அரசு புதிய விலையை அறிவித்துக் கொள்முதல் தொடங்குவது அக்டோபரில். இடையில் கடன் கொடுப்பவர் 'பிஸ்தர்' என்று அங்கே அழைக்கப்படும் ஊர் சுற்றும் வாங்குநர். அவருக்குப் பட்ட கடனைத் தீர்க்க இரண்டு நாள் புளித்த கொட்டையும், மூன்று நாள் உலர்ந்த கொட்டையும் மூட்டைக்குள் போய்விடும். ஒவ்வொரு அக்டோபரிலும் என் பலகையில் சிலேட்டு நிறம் கூடும். முதல் இரண்டு ஆண்டு அதை விவசாயியின் அலட்சியம் என்று அறிக்கையில் எழுதினேன். அந்த அறிக்கைகளை இப்போது யாராவது காட்டினால் எனக்குக் கூச்சமாக இருக்கும்.

கோகோ பற்றிய ஆவணப்படம் எதைப் பார்த்தாலும் ஒரு காட்சி தவறாமல் வரும்: முதிய விவசாயிக்கு முதல்முறையாகச் சாக்லேட் கொடுத்து, அவர் முகத்தைப் படம் பிடிப்பார்கள். எனக்கு எரிச்சல் வரும். அவர் சாக்லேட் தின்றாரா என்பதல்ல, கூலிக்கு ஆள் வைக்க அவரால் முடிகிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. களை எடுக்கவும், காய் உடைக்கவும், மூட்டை சுமக்கவும் வளர்ந்த ஆளுக்குக் கூலி கொடுக்க விலை கட்டாதபோது அந்த வேலை வீட்டுப் பிள்ளைகள் மேல் இறங்குகிறது. சில இடங்களில் எல்லைக்கு அப்பாலிருந்து, புர்கினா பாசோவிலிருந்தும் மாலியிலிருந்தும், யாரோ கூட்டிவந்த பிள்ளைகள் மேல்.

இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு நிலையம் ஒன்று 2020இல் வெளியிட்ட கணக்கின்படி ஐவரி கோஸ்ட், கானா இரண்டிலும் கோகோ வேலையில் இருந்த சிறுவர்கள் 15.6 லட்சம். இவர்களில் மிகப் பெரும்பாலோர் சொந்தக் குடும்பத்தின் தோட்டத்தில் இருப்பவர்கள். ஆனால் அந்த வாக்கியத்தையே கேடயமாகத் தூக்கிக்கொண்டு, கூட்டிவரப்பட்ட பிள்ளைகளை மறைப்பதையும் பார்த்திருக்கிறேன். 2001இல் அமெரிக்க மக்கள் பிரதிநிதிகள் இருவரின் முயற்சியால் சாக்லேட் நிறுவனங்கள் கோகோவில் சிறுவர் உழைப்பின் கொடிய வடிவங்களை ஒழிப்பதாக ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. கெடு 2005. அது தள்ளிப்போய், தள்ளிப்போய், கடைசியில் 2020க்குள் எழுபது விழுக்காடு குறைப்போம் என்று சுருங்கியது. அதுவும் நடக்கவில்லை.

மறைத்தவர்களில் நானும் ஒருவன். ஒருமுறை ஆள் குறைவாக இருந்ததால் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் தோட்டங்களில் வேலை செய்யும் பிள்ளைகளைக் கணக்கெடுக்க என்னையும் அனுப்பினார்கள். சூப்ரே போகும் சாலையிலிருந்து பிரிந்து செம்மண் பாதையில் ஒரு மணி நேரம். ஒரு தோட்டத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன் வெட்டுக்கத்தியால் காய் உடைத்துக்கொண்டிருந்தான். முழங்காலுக்குக் கீழே ஆறிய வெட்டுத் தழும்பு. "தம்பி மகன்" என்றார் தோட்டக்காரர். திரும்பும் வழியில் எங்கள் ஓட்டுநர் மெதுவாகச் சொன்னார்: "பத்ரோன் (முதலாளி), அந்தப் பையன் என்னிடம் பேசியது மோரே. எங்கள் புர்கினா பேச்சு. தோட்டக்காரர் இந்த நாட்டு பவுலே இனத்து ஆள்."

படிவத்தில் மகன், உறவினர், மற்றவர் என்று மூன்று கட்டங்கள். நான் ஏற்கெனவே 'உறவினர்' என்பதில் குறியிட்டிருந்தேன். திருத்தியிருக்கலாம். 'மற்றவர்' என்றால் கூடுதலாக நான்கு பக்கம் நிரப்ப வேண்டும், சங்கத்தின் சான்றிதழ் பிரச்சினையாகும், வண்டி இருட்டுவதற்குள் தார்ச் சாலையை எட்டாது. திருத்தவில்லை. மறு ஆண்டு விசாரித்தபோது பையன் ஊருக்குப் போய்விட்டான் என்றார் சங்கச் செயலாளர். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை.

அந்தக் கணக்கெடுப்பால் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் உயர்நிலைப் பள்ளிக்கான தேர்வை எழுத முடியாமல் நின்ற பிள்ளைகளுக்கு அதனால் சான்றிதழ் கிடைத்ததைக் கண்ணால் பார்த்தேன். ஆனால் விலை என்ற ஒன்றைத் தொடாமல் மற்ற எல்லாவற்றையும் தொடுகிற ஏற்பாடு அது.

விலையின் கதை பழையது. 1989இல் அந்நாட்டு அரசு விவசாயிக்குத் தரும் விலையை கிலோவுக்கு 400 பிராங்கிலிருந்து பாதியாக வெட்டியது. யாமுசூக்ரோவில் அதிபர் எழுப்பிய மாபெரும் தேவாலயம் கட்டி முடிந்ததும் அதே ஆண்டில். 2024 டிசம்பரில் உலகச் சந்தையில் ஒரு டன் 12,000 டாலரைத் தாண்டியபோது, அங்கே அறிவித்திருந்த விலை கிலோ 1,800 பிராங்க். டன்னுக்கு ஏறத்தாழ 3,000 டாலர். விளைச்சலின் பெரும்பகுதியை அரசு வாரியம் முன்கூட்டியே விற்றுவிட்டு அந்தச் சராசரியில் விலை வைப்பதுதான் காரணம். சந்தை விழும்போது இதே முறை விவசாயியைக் காக்கும் என்பதும் உண்மை. ஏறும்போது மூட்டைகள் இரவில் கினிக்கும் லைபீரியாவுக்கும் போய்விடும்.

நான் ஊர் திரும்புவதற்குச் சில வாரங்கள் முன்பு, ஓர் அக்டோபரில், ஒரு லாரி வந்தது. ஈரம் பத்தரை. வெட்டிய பலகையில் சிலேட்டு நிறம் நிறைய. வழக்கம்போல எடையில் கழிவு போட்டு, மூட்டைகளைக் கொண்டுவந்த பிஸ்தர் இளைஞரிடம் சீட்டை நீட்டினேன். நட்டம் என்று சண்டை போடுவார் என எதிர்பார்த்தேன். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"பரவாயில்லை, பத்ரோன். கழிவை நான் தோட்டத்திலேயே எடுத்துவிட்டேன்."